‘மாப்’ என்று எழுதிய பிறகு போன வகுப்பு

ரங்கூன் அனோரதா சாலையில், காளியம்மன் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு குறுக்குத் தெருவின் மூன்றாவது மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஓர் ஆங்கில வகுப்பு நடக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. கீழே எவர்சில்வர் பாத்திரக் கடை. கடைக்குப் பக்கத்தில் இருட்டாக ஒரு படிக்கட்டு, அதில் ஏறினால் மூன்றாவது மாடியில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும் வாசல். மனிதர்கள் கூடினால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் மட்டும்தான் அங்கே பாடம். இலக்கணம் இல்லை, பரீட்சை இல்லை, சான்றிதழும் இல்லை. எட்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், கட்டணம் 1,20,000 கியாட். போன மாதம் முடித்தேன். போகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு வகுப்பைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

ரங்கூனின் தொழிற்சாலைப் பகுதியான லைங்தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலையின் அலுவலகத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்களுக்குப் போகும் கடிதங்களை எழுதுவது என் வேலையில் ஒரு பங்கு. போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு மாதம், ஆறாம் லைனுக்கு ஓவர்டைம் பணம் சம்பளச் சீட்டில் ஏறவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அந்த லைனிலிருந்து நாற்பது பேர் அலுவலகப் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. சாப்பாட்டுக் கேரியரைக் கையில் வைத்தபடியே வந்தவர்களும் இருந்தார்கள். இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண் மட்டும் இரண்டு படி ஏறி வந்து, “அமா, ஓவர்டைம் விட்டுப்போயிருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று பர்மிய மொழியில் கேட்டாள். அமா என்றால் அக்கா. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கலைந்து போனார்கள். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

லைன் ஏன் பதினைந்து நிமிஷம் தாமதமாக ஓடியது என்று வெளிநாட்டு அலுவலகத்துக்கு ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். நான்கு வரி எழுதினேன். தொழிலாளர்கள் என்பதற்கு முன்னால் ‘மாப்’ என்று போட்டேன். முன்னால் வந்து பேசிய பெண்ணை ‘ரிங்லீடர்’ என்று எழுதினேன். கேட்டார்கள் என்பதற்கு ‘டிமாண்டட்’ என்று எழுதினேன். எனக்கு அப்போது தெரிந்த வரையில் மாப் என்றால் கும்பல், ரிங்லீடர் என்றால் தலைவர். ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அவளுடைய கோப்பில் என் குறிப்பின் நகல் இருந்தது. ரிங்லீடர் என்ற சொல்லின் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்த அன்று சாயங்காலம் ஃபெர்ரி வண்டியில் வீடு வந்து சேரும் வரை பக்கத்தில் இருந்தவர்களோடு என்னால் பேச முடியவில்லை.

கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை செய்யும் என் மச்சினிதான் இந்த வகுப்பைச் சொன்னாள்.

நடத்துகிறவர் ஒரு தமிழம்மா. எழுபது தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தமிழர், பர்மியர், சூரத்தி முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் அவரைச் சயாமா என்றே கூப்பிடுகிறோம், பர்மிய மொழியில் ஆசிரியை என்று பொருள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். பாடம் மூன்று மொழியிலும் கலந்துதான் ஓடும். தமிழ் தெரியாதவர்களுக்குப் பர்மிய மொழியில் திருப்பிச் சொல்ல ஒரு தம்பி உதவிக்கு இருக்கிறார்.

முதல் நாள் ஒட்டுப்பலகையில் கருப்புப் பெயின்ட் அடித்த போர்டில் ஐந்து சொல் எழுதினார். கிரவுட், மாப், த்ராங், ராபிள், அசெம்ப்ளி. அர்த்தம் கேட்கவில்லை. “இதில் எந்தக் கூட்டத்தில் உங்க அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்துவீங்க?” என்று கேட்டார். கிரவுடில் நிறுத்தலாம் என்றோம். த்ராங் என்றால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற பெருங்கூட்டம், திருவிழாவுக்குப் பொருந்தும், அதிலும் நிறுத்தலாம். அசெம்ப்ளி பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டம், நிறுத்தலாம். மாப் என்றால் கட்டுக்கடங்காத கும்பல், ராபிள் என்றால் கீழானவர்கள் என்று இளக்காரமாகப் பார்க்கிற கூட்டம் என்று விளக்கிவிட்டு மறுபடி கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. “அப்போ இந்த இரண்டும் எத்தனை பேர்னு சொல்ற சொல் இல்லை. எழுதறவர் அவங்களை எங்கே நின்னு பார்க்கிறார்னு சொல்ற சொல்” என்றார். வகுப்பு தொடங்கி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. கட்ட வேண்டிய பணத்துக்கு எனக்கு அப்போதே கணக்குச் சரியாகிவிட்டது.

மாப் என்பது முழுச் சொல்லே இல்லையாம். நிலையில்லாமல் அலைபாயும் சனம் என்ற பொருளில் ‘மொபிலே வுல்குஸ்’ என்று லத்தீனில் ஒரு தொடர் உண்டு. 1600களின் கடைசியில் ஆங்கிலேயர்கள் அதன் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். பிறக்கும்போதே அலைபாயுதல் என்ற குற்றச்சாட்டோடு பிறந்த சொல். படிக்கட்டின் கீழே அசையாமல் நின்ற நாற்பது பேருக்கு நான் அதைப் போட்டிருந்தேன்.

என் தவறு எங்கிருந்து வந்தது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. என்னிடம் இருந்த கையடக்க அகராதி மாபுக்குக் கும்பல் என்று பொருள் தந்தது. நம் வீட்டுப் பேச்சில் கும்பல் என்பது வெறும் எண்ணிக்கை. பஸ்ஸில் ஒரே கும்பல் என்போம், கோயிலில் நல்ல கும்பல் என்று சந்தோஷமாகச் சொல்வோம். அதே சொல் செய்தித்தாளில் வந்தால் மர்மக் கும்பல், கொள்ளைக் கும்பல். ஒரே சொல்லுக்கு வீட்டில் ஒரு முகம், தாளில் ஒரு முகம். அகராதி தாளின் முகத்தைச் சொன்னது, நான் வீட்டின் முகத்தை எடுத்துக்கொண்டேன். இதைச் சயாமாவிடம் சொன்னதும் போர்டில் கூட்டம், கும்பல், திரள், கோஷ்டி, மந்தை என்று தமிழில் எழுதி, அம்மாவை எங்கே நிறுத்துவீர்கள் என்று அதே கேள்வியைக் கேட்டார். பர்மியப் பிள்ளைகள் தங்கள் மொழியில் ஒரு பட்டியல் போட்டார்கள். சொல்லுக்குச் சொல் பொருத்தாமல் தீர்ப்புக்குத் தீர்ப்பு பொருத்திப் பார்க்கும் இந்த வழியை நான் வேறு எந்த டியூஷனிலும் பார்த்ததில்லை.

அன்று இன்னொன்றும் சொன்னார். அசெம்ப்ளி என்ற நல்ல சொல்லுக்கு முன்னால் ‘அன்லாஃபுல்’ என்று ஒட்டினால் அது சட்டவிரோதக் கூட்டம். 1860இல் இந்தியாவுக்கு வெள்ளைக்காரர்கள் எழுதிய தண்டனைச் சட்டம்தான் பர்மாவுக்கும் வந்தது, 2024இல் இந்தியா புதுச் சட்டத்துக்கு மாறும் வரை 141ஆம் பிரிவு இரண்டு நாட்டிலும் ஒன்றாகவே இருந்தது. அதில் சொல்லியிருக்கும் நோக்கங்களில் ஒன்றோடு ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் போதும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து வந்த 144 என்ற எண்ணை மட்டும் சொன்னாலே மதுரையில் இருப்பவருக்கும் மாண்டலேயில் இருப்பவருக்கும் கூட்டம் கூடக்கூடாது என்று புரிந்துவிடுகிறது.

மூன்றாவது வாரத்தை நான் மறக்க மாட்டேன். ‘ஸ்டாம்பீட்’, ‘க்ரஷ்’ என்று இரண்டே சொல்லுக்கு இரண்டு மணி நேரம். ஸ்டாம்பீட் மெக்சிகோவின் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. மாட்டு மந்தை மிரண்டு தறிகெட்டு ஓடுவதைச் சொல்லும் சொல். க்ரஷ் என்றால் நசுங்குதல். கோயிலிலோ மைதானத்திலோ கூட்டத்தில் சிக்கி ஆட்கள் செத்துப்போனால் ஆங்கிலச் செய்திகள் பெரும்பாலும் ஸ்டாம்பீட் என்றே எழுதுகின்றன. கூட்டப் பாதுகாப்பைப் படித்தவர்கள் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. பெரும்பாலும் அங்கே யாரும் ஓடுவதே இல்லை, ஓட இடம் இருப்பதில்லை. நாலு பக்கமும் நெஞ்சை அழுத்தி, மூச்சை இழுக்க முடியாமல், நின்ற நிலையிலேயே சாகிறார்கள். மாடு மாதிரி ஓடினார்கள் என்று எழுதினால் பழி செத்தவர்கள் தலையில் விழுகிறது. நசுங்கினார்கள் என்று எழுதினால், வாசலைச் சின்னதாக வைத்தவர் யார், அளவுக்கு மேல் ஆளை உள்ளே விட்டவர் யார் என்ற கேள்வி எழும்புகிறது.

1989 ஏப்ரல் 15இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நடந்ததை உதாரணமாகச் சொன்னார். அந்த நெரிசலில் 97 பேர் இறந்தார்கள். கடைசி ஆள் காயத்தின் விளைவாகப் பல வருஷம் கழித்து 2021இல் இறந்தார். ரசிகர்கள் குடித்துவிட்டு முண்டியடித்தார்கள் என்ற கதைதான் முதலில் பரவியது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்களின் நடத்தை காரணமில்லை என்று நடுவர் குழு சொல்ல 2016 வரை ஆயிற்று. இருபத்தேழு வருஷம் குடும்பங்கள் அந்தக் கதையை எதிர்த்து நின்றிருக்கின்றன. வகுப்பில் யாரும் பேசவில்லை. தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் மட்டும்.

பிறகு ஒரு பையன், பாத்திரக் கடையிலேயே வேலை பார்ப்பவன், “நாம கூட்ட நெரிசல்னுதானே சொல்றோம் சயாமா” என்றான். அவருக்கு முகம் மலர்ந்தது. நெரிதல் என்றாலே நசுங்குதல்தான். தமிழ்ச் செய்தித்தாள்கள் நெரிசலில் சிக்கி என்று எழுதுவது ஆங்கிலத்தை விடச் சரியான எழுத்து. ஆங்கிலம் படிக்கப் போன இடத்தில் நம் சொல் ஒன்று நேராக நிற்பதைப் பார்த்தது எனக்குப் பெரிய நிறைவு. முண்டியடித்தல் மட்டும் சந்தேகத்துக்குரிய சொல், எழுதுவதற்கு முன்னால் உண்மையில் முண்டினார்களா என்று பார்க்கச் சொன்னார்.

நான்காவது வாரம் பைஸ்டாண்டர், ஆன்லுக்கர், விட்னஸ். மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆன்லுக்கர் வேடிக்கை பார்க்கிறவர். விட்னஸ் சாட்சி, பிறகு பேச வேண்டியவர். பைஸ்டாண்டர் பக்கத்தில் நின்றவர், அவர் எதுவும் செய்யவில்லையே என்ற கேள்வி அந்தச் சொல்லைச் சுற்றி நிற்கும். 1968இல் லட்டானே, டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் அறையில் ஆளை உட்கார வைத்து, சுவர் வழியாகப் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். சொல்லி வைத்த இரண்டு பேர் கண்டுகொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எழுந்து சொன்னவர்கள் 10 சதவீதம். கன்ஃபார்ம், கம்ப்ளை, கோ அலாங் என்ற மூன்றையும் அன்றே பார்த்தோம். ஊரோடு ஒத்துப்போக நம்மை நாமே மாற்றிக்கொள்வது முதலாவது. ஒரு விதிக்கோ ஆணைக்கோ கட்டுப்படுவது இரண்டாவது. மனசில்லாமல், வாயை மூடிக்கொண்டு கூடவே போவது மூன்றாவது. நம் பேச்சில் மூன்றுக்கும் ‘சரின்னுட்டான்’ போதும். தொழிற்சாலைக் கடிதத்தில் மூன்றையும் பிரித்துத்தான் எழுத வேண்டும். பயிற்சி விதிகளுக்குத் தொழிலாளர்கள் கம்ப்ளை செய்கிறார்கள் என்று எழுதும் இடத்தில் நான் வருஷக்கணக்காக வேறு சொல் எழுதி வந்திருக்கிறேன்.

பெக்கிங் ஆர்டரை அரை மணியில் முடித்தார். கோழிகளில் எது எதைக் கொத்தும் என்ற வரிசையை 1920களின் தொடக்கத்தில் ஷெல்டெரூப்-எப்பே என்ற நார்வேக்காரர் எழுதி வைத்ததிலிருந்து வந்தது. எங்கள் கேன்டீனில் அதைத் தினமும் பார்க்கிறேன், விளக்கம் தேவைப்படவில்லை. பாய்காட் ஓர் ஆளின் பெயர் என்பது பலருக்குப் புதுச் செய்தி. 1880இல் அயர்லாந்தின் மேயோவில் ஒரு பண்ணை ஏஜென்ட் குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்த்தார், ஊர் அவரோடு பேச்சு வார்த்தை, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் நிறுத்தியது. அவர் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது. சரியாக நாற்பது வருஷத்தில், 1920 டிசம்பரில், ரங்கூன் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள், அந்த நாளைத்தான் நாம் தேசிய தினம் என்று கொண்டாடுகிறோம். பள்ளியில் இதைப் படித்திருந்தும், அந்தச் சொல்லுக்கு அப்போது வயது நாற்பதுதான் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஐந்தாவது வாரம் ஏமாற்றம். அலுவலக ஆங்கிலம் என்று டீம் ப்ளேயர், ஆன் போர்ட் மாதிரிச் சொற்களை அந்த உதவித் தம்பி நடத்தினார். சயாமாவுக்கு அன்று உடம்பு சரியில்லை. எங்கேயும் கிடைக்கிற பட்டியலில் அதைப் படித்துவிடலாம், அதற்கு மூன்று மாடி ஏற வேண்டியதில்லை. ‘கிளீக்’ என்று உச்சரிக்க வேண்டிய சொல்லை அவர் க்ளிக்யூ என்று வாசித்தார். பிரெஞ்சிலிருந்து வந்த சொல், தங்களுக்குள் மட்டும் சேர்ந்து மற்றவரை ஒதுக்கும் சின்னக் கோஷ்டி. அடுத்த வாரம் சயாமா திருத்தினார் என்றாலும், இரண்டு பேர் இன்னும் பழைய மாதிரியே சொல்கிறார்கள். தம்பி நல்ல பிள்ளை. உச்சரிப்பை மட்டும் அவரிடம் விடக்கூடாது.

கம்யூனல் என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கம்யூனல் கிச்சன் என்றால் எல்லோருக்கும் பொதுவான சமையல்கட்டு. நம் பக்கத்து ஆங்கிலத்தில் கம்யூனல் என்றால் மதத்துக்கு மதம், இனத்துக்கு இனம் மோதுவது. 1930 மே மாதம் இதே ரங்கூன் துறைமுகத்தில் இந்தியச் சுமைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை உடைக்கப் பர்மியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள், வேலைநிறுத்தம் முடிந்ததும் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதிலிருந்து கலவரம் வெடித்தது. கூலிக்காக நடந்த ஒரு சண்டை, புத்தகத்தில் இனக் கலவரமாக மட்டும் நிற்கிறது. சயாமா இதை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தார். இதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன்.

ஆறாவது வாரம் ஒதுக்கிவைத்தலைச் சொல்லும் சொற்கள். ஷன், ஆஸ்ட்ரசைஸ், ‘பரையா’. ஆஸ்ட்ரசைஸ் ஏதென்ஸ் நகரத்துச் சொல். ஓட்டாஞ்சில்லில் ஒருவர் பெயரைக் கீறிப் போடுவார்கள், அதிக ஓடு விழுந்தவர் பத்து வருஷம் ஊரை விட்டுப் போக வேண்டும். அது வரைக்கும் சரி. மூன்றாவது சொல்லுக்கு எதிரே, எங்களுக்குக் கொடுத்த நகல் தாளில், ‘யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள், இந்திச் சொல்’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

நான் கை தூக்கினேன். அது இந்தி இல்லை சயாமா, எங்க சொல் என்றேன்.

என் தாத்தா தட்டோன் பக்கத்தில் பறை அடித்தவர். கோயிலில் தீமிதி என்றால் அவர் கை பட்டுத்தான் ஊர் கூடும். பறையர் என்ற எங்கள் பெயரை எடுத்துத்தான் ஆங்கிலம் 1600களின் தொடக்கத்திலேயே தனக்கு ஒரு சொல் செய்துகொண்டது. முதலில் ஒரு சாதியின் பெயராக, பிறகு எந்தச் சமூகத்திலும் சேர்க்காத யாருக்கும் உரிய பெயராக, பிறகு சொந்தக்காரன் இல்லாத தெருநாய்க்கு, பிறகு உலகம் ஒதுக்கிய நாட்டுக்கு. எங்கள் நாட்டையே ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தச் சொல்லால் அழைத்ததை நான் வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போதெல்லாம் தாத்தாவின் விரல்கள்தான் ஞாபகம் வரும். பறை ஆளைக் கூட்டுகிற கருவி. பறைதல் என்றால் சொல்லுதல், மலையாளத்தில் இன்றைக்கும் பேசுவதற்கு அதுதான் சொல். ஊரைக் கூட்டியவர்களின் பெயர், கூட்டத்தில் சேர்க்கக்கூடாதவர் என்ற பொருளில் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. இதை நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். குரல் நடுங்கியது.

சயாமா உடனே எதுவும் சொல்லவில்லை. தாளை வாங்கி அந்த வரியைப் பேனாவால் அடித்தார். “இதை இத்தனை வருஷமா நான் பார்க்காம விட்டிருக்கேன்” என்றார். அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் புதுத் தாள் வந்தது. தமிழ்ச் சொல், பறை என்ற இசைக்கருவியிலிருந்து, ஒரு சமூகத்தின் பெயர். எழுதும்போது பயன்படுத்த வேண்டாம், அதற்குப் பதிலாக ஒதுக்கப்பட்டவர் என்ற பொருள் தரும் ‘அவுட்காஸ்ட்’ கூட வேண்டாம், யார் ஒதுக்கினார் என்று வாக்கியமாக எழுதவும் என்று இருந்தது. அவுட்காஸ்டில் வரும் காஸ்ட் எறிதலைக் குறிப்பது, சாதியைக் குறிப்பது வேறு எழுத்து என்று கீழே ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் தன் தாளைத் திருத்தி, சொந்தக் காசில் நகல் எடுத்துக் கொடுக்கிற ஓர் ஆசிரியருக்காகவே நான் இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன்.

ஏழாவது வாரம் திசை மாறியது. நம் பழக்கங்களுக்கு ஆங்கிலத்தில் சொல் உண்டா என்று தேடினோம். பந்தியில் இலை போட்ட பிறகும் பெரியவர் கை வைக்கும் வரை காத்திருப்பது, துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது எல்லாம் வந்தது. பர்மியப் பிள்ளைகள் ‘ஆனா’ என்பதைக் கொண்டுவந்தார்கள். இங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த உணர்வு. நமக்கு உரிமையானதைக் கேட்கப்போனாலும் அடுத்தவருக்குச் சங்கடம் ஆகுமே என்று வாய் வராமல் நிற்பது. கூச்சம் என்றால் பாதி, தயக்கம் என்றால் பாதி, மரியாதை என்றால் இன்னொரு பாதி. ஆங்கிலத்தில் என்ன போடலாம் என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, சயாமா வலது பக்கக் கட்டத்தைக் காலியாக விட்டார். அவர் ஓர் உதாரண வாக்கியமாவது எழுதியிருக்கலாம். வேலையில் தேவைப்படுகிறவர்களுக்குக் காலிக் கட்டம் போதாது.

நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அந்த நாற்பது பேரும் ஏன் சேர்ந்து வந்தார்கள் என்பதற்கு அதுதான் காரணம். ஒருத்தியாகப் படியேறி வந்து அலுவலகத்தில் பணம் கேட்க அந்த ‘ஆனா’ விடாது. சேர்ந்து நின்றால் யாரும் தனியாகக் கேட்டதாக ஆகாது. அப்போதும் யாராவது ஒருத்தி வாய் திறக்க வேண்டும், அந்தப் பெண் திறந்தாள். பேசச் சொல்லி மற்றவர்கள் அனுப்பிய ஆளுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்போக்ஸ்பர்சன்’ என்று சொல் இருக்கிறது. ரிங்லீடர் என்பது தப்பான காரியத்துக்கு ஆளைச் சேர்த்துத் தூண்டிவிடுகிறவர். இரண்டுக்கும் என் பழைய அகராதியில் தலைவர் என்றுதான் இருக்கிறது.

கடைசி வாரம், நாம் முன்பு எழுதிய ஒரு வாக்கியத்தைத் திருத்தி எழுதச் சொன்னார். என் நான்கு வரியை எடுத்துப் போனேன். எண்ணிக்கையை எழுது, நேரத்தை எழுது, கையில் என்ன இருந்தது எழுது, யார் என்ன சொன்னார்கள் எழுது, பெயர்ச்சொல்லால் தீர்ப்புச் சொல்லாதே என்பதுதான் அவர் வைத்த விதி. ஆறாம் லைனைச் சேர்ந்த நாற்பது தொழிலாளர்கள் மதிய இடைவேளையில் அலுவலகப் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார்கள். அவர்கள் சார்பில் ஒருவர் ஓவர்டைம் தொகையைச் சரிபார்க்கும்படி கேட்டார். பதினைந்து நிமிஷத்தில் வேலைக்குத் திரும்பினார்கள். கணக்கில் பிழை இருந்தது. இவ்வளவுதான் ஆங்கிலத்தில் எழுதினேன். சயாமா படித்துவிட்டுக் கடைசி வரியை மட்டும் முதல் வரியாக மாற்றச் சொன்னார்.

அந்தத் தாளை என் மேலாளரிடம் கொடுத்து, பழைய குறிப்பு தவறு, இதை அந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். சேர்த்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தப் பெண் இப்போது இன்செயின் பக்கம் ஒரு தையல் கடையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். எழுதியது நான் என்று அவளுக்கு அது வரை தெரியாது. வெகு நேரம் தைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, வேறு தொழிற்சாலைக்கு மனு போட ஒரு கடிதம் வேண்டும், எழுதித் தருவீர்களா அமா என்று கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று வரி வரியாகப் பர்மிய மொழியில் சொல்லிக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இனி போக நினைப்பவர்களுக்கு. ஒரு மேஜையைச் சுற்றிப் பதினேழு பேர் உட்கார்ந்தோம், பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். ஐந்து மணி வகுப்பு ஐந்தே காலுக்கு முன்னால் தொடங்கியதில்லை. எட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரில் ஒரு விளக்கு மட்டும் எரியும், படிக்கட்டுக்கு டார்ச் அவசியம். நகல் தாள்கள் மங்கல், போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சைக்கு இது உதவாது, அவர்களை அனுப்ப வேண்டாம். மனிதர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிற வேலையில் இருப்பவர்கள், தொழிற்சாலை, மருத்துவமனை, கப்பல் ஆபீஸ், தொண்டு நிறுவனம் எதுவானாலும், போக வேண்டும்.

அடுத்த வகுப்பு திஞ்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறை முடிந்த பிறகு வருகிற சனிக்கிழமை. பெயர் கொடுக்கும்போது, ஒரு கூட்டத்தைப் பற்றி நீங்கள் எப்போதோ ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியம் ஒன்றைக் கேட்பார். வீட்டில் தேடி எடுத்து, எழுதியது எழுதியபடியே கொண்டுபோங்கள்.